கோஷால் பெட்டியும் கோமதியின் பல்சக்கரமும்

போன வாரம் கல்கத்தா நியூ டவுனில் மகள் மீனு வீட்டுக்குப் போயிருந்தேன். பதினான்காவது மாடி. கூடத்தின் நடுவில் புத்தம் புதிய சக்கரப்பெட்டி ஒன்று படுத்திருந்தது. மீனு பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். இணையத்தில் வரவழைத்த பாக்கெட்டாம். அவள் போகாத ஊர்கள், ஏறாத மலைகள், தங்காத ஓட்டல்கள். ஓரம் கிழிந்த மாதிரியும் வெயிலில் வெளுத்த மாதிரியும் அச்சிலேயே செய்து அனுப்பியிருந்தார்கள்.

"பெட்டிக்கு ஒரு பெர்சனாலிட்டி வேணும்ப்பா" என்றாள்.

நானும் உட்கார்ந்து ஒன்றிரண்டு உரித்துக் கொடுத்தேன். ஸ்டிக்கரின் பின்பக்கத்துப் பசை ஒரு மாதிரி இனிப்பாக, லேசாகப் புளிப்பாக வாசனை அடித்தது. எனக்குப் பசை வாசனை வந்தால் போதும், லேக் மார்க்கெட் ஞாபகம் வந்துவிடும். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிலருக்கு மல்லிகை, சிலருக்கு மழை. எனக்கு மைதா மாவுப் பசை.

லேக் மார்க்கெட்டில் ஒரு தமிழ் மளிகைக் கடையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். காப்பிப் பொடி, அப்பளம், சீரக சம்பா, நல்லெண்ணெய், வத்தல் வடகம் என்று ஊரிலிருந்து வரும் சாமான்களுக்காக பாலிகஞ்சிலிருந்தும் டம்டமிலிருந்தும்கூட நம் ஆட்கள் வருவார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மைதாவைக் கொதிக்கும் நீரில் கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, காப்பிப் பொட்டலங்களுக்கு லேபிள் ஒட்டுவேன். மற்ற நாட்களில் பார்சல் கட்டுவது, சாக்குத் தைப்பது. பி.காம். மூன்றாவது வருஷத்தில் இரண்டு பேப்பர் பாக்கி நின்றுபோனவனுக்கு அது மோசமான வேலை இல்லை. முதலாளியை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷர். "உன் முடிச்ச அவிழ்க்க முடியாம கஸ்டமர் திட்டுதாங்கடே" என்று அவர் குறை சொல்லும்போது அதில் பெருமை இருக்கும்.

என் மனைவி கோமதி படித்தவள். பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் படித்துவிட்டு, நகரத்துக்கு வடக்கே ஓர் அரசாங்கத் தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் வேலை பார்த்தாள். அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரில் அவள் பதவி 'டிராஃப்ட்ஸ்மேன்' என்றே இருந்தது. பத்து ஆண்களும் அவளும். அவள் அப்பாவும் என் அப்பாவும் கரக்பூர் ரயில்வேயில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இரண்டு பேருக்கும் பூர்வீகம் தென்காசிப் பக்கம். அந்தச் சிநேகிதத்தில் நடந்த கல்யாணம். பெண்ணுக்கு டிப்ளமோ, மாப்பிள்ளைக்கு மளிகைக் கடை என்று எங்கள் கல்யாணப் பந்தியிலேயே யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. பாயசம் நன்றாக இருந்ததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் எடுத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் ஒன்றரை அறை எங்களுக்கு. மாடியில் வீட்டுக்காரி மாஷிமா. ஜன்னலைத் திறந்தால் எதிரே குஜராத்திக்காரர் துணிக்கடை, அதற்குப் பக்கத்தில் சிங்காடா என்கிற வங்காள சமோசா பொரிக்கிற கடை. காலை எட்டு மணிக்கே எண்ணெய் வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தொண்ணூறுகளின் நடுவில், மீனுவுக்கு நான்கு வயதிருக்கும்போது, கோமதியின் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போவதாகச் செய்தி வந்தது. இனிமேல் படம் எல்லாம் திரையில்தான். அதற்காக இரண்டு பேரை மட்டும் ஹைதராபாத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அந்த இரண்டு பேர் அடுத்த ஐந்தாறு வருஷத்தில் எங்கேயோ போய்விடுவார்கள், மீதி ஒன்பது பேரும் பழைய படங்களுக்கு நகல் எடுத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். பட்டியலில் முதல் பெயர் தத்தா பாபு, சீனியர். இரண்டாவது பெயர் கோமதி.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, சொன்ன வேகத்திலேயே, "எப்படிப் போக? வேண்டாம்னு எழுதிக் குடுத்துரலாம்னு பாக்குதேன்" என்றாள்.

"யாரு வேண்டாம்னு சொன்னா?"

"யாரும் சொல்லல. தத்தா பாபு மட்டும், சின்னப் பிள்ளைய வச்சிருக்க, வீடு வாசல் இருக்கு, யோசிச்சுக்கோன்னார்."

"நான் பாத்துக்கிடுதேன் மீனுவ."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். குழந்தைக்கு ஜடை பின்னத் தெரியாதவன் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். சணல் பின்னுகிறவனுக்கு ஜடை என்ன பெரிய வித்தை என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொல்லவில்லை.

பயிற்சிக்குச் சரி என்று அவள் எழுதிக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. எப்படியாவது அவள் போகவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வீட்டில் ஒரு தகரப் பெட்டி மட்டும்தான். அதைத் தூக்கினால் கை அறுந்துவிடும், வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பெட்டி ஒன்று வந்துவிட்டால் பாதிப் பயணம் முடிந்த மாதிரி என்று என் கணக்கு. ஆகவே அவளிடம் சொல்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏலக் கடைக்குப் போனேன்.

கல்கத்தாவின் ஞாயிற்றுக்கிழமை ஏலங்களை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். பார்க் ஸ்ட்ரீட் பக்கம் பெரிய கூடங்கள். சரவிளக்கு, பியானோ, கால் உடைந்த சாய்வு நாற்காலி, மான் தலை, யாருடைய தாத்தாவோ முறைத்துப் பார்க்கும் படம். ஊரைக் காலி செய்து போகிறவர்கள் வீட்டுச் சாமான் எல்லாம் அங்கே வரும். ஏலம் இங்கிலீஷில் வேகமாக ஓடும். எனக்கு எண்கள் மட்டும் புரியும். கடைசியாகத்தான் பெட்டிகள் வந்தன. கெட்டி அட்டையில் செய்த பழுப்பு நிறப் பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டியதும் கை தூக்கினேன். ஏலக்காரர் அடுத்த எண்ணைச் சொன்னார். யாரோ போட்டிக்கு வந்துவிட்டார்கள் என்று பதறி மறுபடி தூக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெட்டியை என்னைத் தவிர அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு எதிராக நானே ஏற்றிக் கேட்டு நானே ஜெயித்திருக்கிறேன். ஏலக்காரர் சிரித்துக்கொண்டே பழைய விலைக்கே கொடுத்தார்.

பெட்டியைத் தோளில் வைத்து பவானிபூருக்கு வந்து சேர்ந்தேன். கோமதி கதவைத் திறந்தாள். முதலில் அவள் பார்த்தது பெட்டியை அல்ல, அதன் மூடியை. வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்து: R. N. GHOSHAL, ASSAM.

"இது யாரு?"

"பெட்டிக்கு முந்தி சொந்தக்காரர். டீ எஸ்டேட் மேனேஜரா இருந்திருப்பார்."

"செத்துப் போனவங்க பெட்டியா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "உயிரோட இருந்தா அவரே எடுத்துட்டுப் போயிருப்பாருல்லா" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். மீனு மட்டும் வந்து இரண்டு பித்தளைக் கொண்டிகளையும் டக் டக்கென்று தட்டித் தட்டித் திறந்து பார்த்தாள். உள்ளே காகித லைனிங் பட்டை பட்டையாகக் கிழிந்து தொங்கியது. புகையிலையும் அந்துருண்டையும் கலந்த வாசனை. கைப்பிடி ஒரு பக்கம் கழன்றிருந்தது. எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கியாயிற்று.

அன்று மத்தியானமே பெட்டியை முற்றத்து வெயிலில் திறந்து வைத்து, காகிதத்தை ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தேன். மாடியிலிருந்து மாஷிமா எட்டிப் பார்த்து, "கார் பாக்ஷோ?" என்றாள். யார் பெட்டி என்று எல்லோருக்கும் அதே கேள்வி. "கோமதியோட பெட்டி" என்று வங்காளத்தில் சொன்னேன். உள்ளேயிருந்து பாத்திரம் சத்தமாக வைக்கப்பட்டது.

உள்ளே ஒட்ட நல்ல துணி வேண்டும். அதற்கு நான் வெளியே போகவேண்டியிருக்கவில்லை. கல்கத்தாத் தமிழ் வீடுகளில் துணிக்குப் பஞ்சமே கிடையாது, ரவிக்கைத் துணி என்று ஒன்று இருக்கும்வரை. கொலுவுக்குப் போனால் ஒன்று, வளைகாப்புக்குப் போனால் ஒன்று, சும்மா பார்க்கப் போனாலும் வெற்றிலை பாக்கோடு ஒன்று. எந்தப் புடவைக்கும் சேராத நிறங்களாகப் பார்த்து நெய்வார்களோ என்னவோ. யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை. வீடு வீடாகச் சுற்றும். நாங்கள் ஒரு நவராத்திரிக்கு பாலிகஞ்சில் கொடுத்த அரக்குத் துணி இரண்டு வருஷம் கழித்து டம்டம் வழியாக எங்களுக்கே திரும்பி வந்திருக்கிறது. மடிப்புக்கூடக் கலையாமல். கோமதியின் பீரோவில் அந்த மாதிரி பதினேழு கிடந்தன. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, அப்புறம் பெயரே இல்லாத நிறங்கள்.

அவளிடம் கேட்டேன். "என்னமோ செய்யுங்க" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாலைந்து சாயங்காலம் கடை முடிந்து வந்ததும் அதே வேலை. துணிகளைப் பட்டைகளாக வெட்டி ஒன்றோடொன்று தைத்தேன். சாக்குத் தைக்கிற கோணி ஊசியிலேயே பழகின கை. சாதாரண ஊசி என் விரலுக்குள் காணாமல் போய்க் காணாமல் போய்க் கிடைத்தது. கைப்பிடிக்குக் கடையிலிருந்து நல்ல மெல்லிய சணல் கொண்டுவந்து, மூன்று புரியாகப் பின்னி, பழைய பிடியின் கம்பிமேல் இறுக்கிச் சுற்றினேன். அது என் துறை. அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. தூக்கிப் பார்த்தால் கைக்குள் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்தது.

வியாழக்கிழமை என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் பசை தடவுவதற்கு முன் நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் மீனு அதற்குள் ஏறிப் படுத்துவிட்டாள். முழங்காலை மடக்கி, கச்சிதமாக, செய்து வைத்த மாதிரி. அப்போதுதான் கோமதி ஆபீசிலிருந்து வந்தாள்.

"ஏட்டி, எந்திரி. என்ன செய்யுத உள்ள?"

"நானும் வாரேன். நான் பேசாம இருப்பேன். மூடிக்கோ."

கோமதி அப்படியே செருப்போடு முற்றத்துப் படியில் உட்கார்ந்தாள். தோள்பையைக்கூட இறக்கவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை. சும்மா வழிந்துகொண்டிருந்தது. "நான் போகலைங்க. நாளைக்கு எழுதிக் குடுத்துருதேன்" என்றாள்.

நல்ல வார்த்தை சொல்லத் தெரிந்த ஆண்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. மீனுவைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு, தைத்த துணியை எடுத்துப் பெட்டிக்குள் விரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் வாய்க்கு வேலை வராது என்பது என் பழைய நம்பிக்கை. விரித்தேன். மூலையில் துணி புடைத்துக்கொண்டு நின்றது. இழுத்தால் எதிர்மூலை சுருங்கியது. மறுபடி இழுத்தேன்.

கோமதி எட்டிப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அங்கன ரெண்டு மில்லிமீட்டர் கூடுதலா இருக்கு" என்றாள்.

"எங்க?"

"இடது மூலை. நீங்க அளக்காமலே வெட்டியிருக்கீங்க. பெட்டி சதுரம் இல்ல, மேல போகப் போக விரியுது பாருங்க."

மீனுவை இடுப்பில் வைத்தபடியே எழுந்து வந்தாள். பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்தாள். என் தையலில் பாதியைப் பிரித்துப் போட்டாள். ஒரு தாளில் பெட்டியின் ஐந்து பக்கங்களையும் விரித்த மாதிரி வரைந்து, ஒவ்வொன்றுக்கும் அளவு குறித்து, மடிப்புக்கு எவ்வளவு விடவேண்டும் என்று எழுதி, ஓரத்தில் பழக்கதோஷத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். "இதுபடி வெட்டுங்க. கண்ணால அளக்காதீங்க" என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பயிற்சியைப் பற்றிப் பேச்சே வரவில்லை. மறுநாள் அவள் ஆபீசுக்குப் போய் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் என்னிடம் சொன்னது அதுவல்ல. "மூடிக்கு உள்பக்கம் ஒரு பை வச்சுத் தைக்கணும். காம்பஸ் பெட்டி, செட் ஸ்கொயர் எல்லாம் வைக்க" என்பதுதான்.

மிச்சம் கோஷால். அவரைப் போக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மனுஷர் இன்னும் பளபளப்பானார். அவர்மேல் எதையாவது ஒட்டித்தான் மறைக்கவேண்டும். கடையில் வந்த மெல்லிய சணல் துணியில் நல்ல பகுதியாக வெட்டிக்கொண்டு வந்தேன். அதில் தமிழில் பெரிதாக 'கோமதி' என்று சிவப்பு நூலில் தைக்கவேண்டும் என்பது என் ஆசை.

"வண்டியில என் பேரு எல்லாருக்கும் எதுக்கு?" என்றாள்.

"அப்ப கோலம் மாதிரி ஏதாவது?"

யோசித்தாள். டிரேசிங் தாளை எடுத்தாள். காம்பசில் மூன்று வட்டம் போட்டாள். செட் ஸ்கொயர் இரண்டையும் சேர்த்து வைத்து, சுற்றிவரக் கோடு இழுத்தாள். அரை மணி நேரத்தில் தாளில் ஒரு பல்சக்கரம் நின்றது. இருபத்து நான்கு பல். ஒவ்வொரு பல்லும் அரிசி போல ஒரே அளவு. நடுவில் அச்சுக்கான வட்ட ஓட்டை. ஓட்டையின் மேல் விளிம்பில் மட்டும் சின்னதாகச் சதுரமாக ஒரு வெட்டு.

"நடுவுல இது என்ன, பென்சில் நழுவிட்டா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "கீ-வே. அங்கன ஒரு கட்டை மாட்டுவாங்க. அது இல்லன்னா சக்கரம் தண்டு மேல சும்மா வழுக்கிட்டுக் கெடக்கும். சுத்தாது."

அதை ஊசியால் குத்திக் குத்தி, கரித்தூள் தட்டி, சணல் துணியில் பதித்துக் கொடுத்தாள். நான் சிவப்பு நூலில் தைத்தேன். மூன்று சாயங்காலம். அந்தச் சதுர வெட்டை மட்டும் நாலு தடவை பிரித்துத் தைக்கவைத்தாள். மாஷிமா இறங்கி வந்து பார்த்து, "ஓ மா, ஷூர்ஜோ!" என்றாள். சூரியன் என்று நினைத்துவிட்டாள். சூரியன் இல்லை, மெஷின் என்று சொன்னபோது, "அதனாலென்ன, சுற்றிவரக் கொஞ்சம் காந்தாத் தையல் போட்டால் அழகாக இருக்கும்" என்று துணியை மாடிக்கு எடுத்துப் போய்விட்டாள். மறுநாள் திரும்பி வந்தது. சக்கரத்தைச் சுற்றி நீல நூலில் சின்னச் சின்ன ஓட்டுத்தையல், குளத்தில் கல் போட்ட மாதிரி வளையம் வளையமாக. கோமதி ஒரு நிமிஷம் அளவுகோலை எடுக்கப் போனாள். பிறகு எடுக்கவில்லை.

ஹௌராவில் செகந்திராபாத் வண்டிக்கு நாங்கள் போனபோது தத்தா பாபு முன்னாலேயே வந்துவிட்டார். பக்கத்தில் அவருடைய பெட்டி. புதிது, கறுப்பு, நம்பர் பூட்டு. அவர் எங்கள் பெட்டியைக் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "எட்டா கீ, கோமோதி? பூஜோ பண்டலா?" என்று சிரித்தார். இது என்ன, துர்கா பூஜைப் பந்தலா என்று கேட்கிறார். அவரோடு வந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. தகரப் பெட்டியே கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது. கல்யாணப் பந்தியில் கேட்ட குரல் வேறு எங்கிருந்தோ வந்தது. பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ள நான் குனிந்தேன்.

"அடியில வேண்டாம். எதிர்ல பாக்குத மாதிரி வைங்க" என்றாள் கோமதி தமிழில். பிறகு தத்தா பாபுவிடம் வங்காளத்தில், சாதாரணமாக, "நான் வரைந்தேன். என் வீட்டுக்காரர் செய்தார்" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று மாதம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மீனுவுக்குத் தினமும் ஜடை பின்னினேன். முதல் வாரம் பள்ளியில் டீச்சர் அவிழ்க்கவே முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். மத்தியானம் மாஷிமா பார்த்துக்கொண்டாள். அவள் கையால் மீன் தின்று பழகி, எங்கள் சுத்த சைவ வீட்டில் மீனு ஒரு நாள், "அப்பா, முள்ளு எங்க?" என்று கத்தரிக்காயில் தேடினாள். சனிக்கிழமைகளில் கடைக்கே கூட்டிப்போவேன். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்கம்மா கம்ப்யூட்டர் படிக்கப் போயிருக்காங்க" என்று சொல்லுவாள். அண்ணாச்சி பாதாம் கொடுத்து மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பார்.

வாரம் ஒரு கடிதம் வரும். நாலாவது வாரக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. பயிற்சி நிலையத்து விடுதியில் பெட்டி அறை ஒன்று உண்டாம். எல்லோர் பெட்டியும் அங்கே அடுக்கியிருக்குமாம். அங்கே சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு வயதான இன்ஜினியர், ஆந்திராக்காரர், சிரிக்கவே மாட்டாராம். ஒருநாள் ஏதோ வேலையாக அந்த அறைக்கு வந்தவர் எங்கள் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, சக்கரத்தின் பற்களை விரலால் எண்ணினாராம். பிறகு நடுவில் விரலை வைத்து, "கீ-வே போட்டிருக்கிறார்களே! இது யாருடைய வேலை?" என்று கேட்டார்.

அதற்குள் பலரும் வந்துவிட்டார்கள். தத்தா பாபுவும் இருந்தார். கோமதி, "வரைந்தது நான் சார். தைத்தது என் கணவர்" என்றாள்.

"உங்கள் கணவரும் இன்ஜினியரா?"

"இல்லை சார். மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார்."

அந்த மனுஷர் தலையை ஆட்டிவிட்டு, "நூலில் ரேடியஸ் கொண்டுவருவது கஷ்டம். நல்ல கை" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கடிதத்தில் அந்த வரிக்குக் கீழே கோமதி அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். அந்தக் கடிதத்தைக் கடையில் அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, அன்றைக்குக் கட்டவேண்டிய பார்சல்களைத் தானே கட்டினார். அசிங்கமாகக் கட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பழைய பெட்டிகள் வர ஆரம்பித்தன. மாஷிமாவின் அக்கா பெண் டெல்லிக்குப் படிக்கப் போனபோது அவள் அப்பாவின் பெட்டி. பெட்டிமேல் தனக்கு ஹார்மோனியம் வேண்டும் என்றாள். கட்டைகளை எண்ணித்தான் கோமதி வரைந்து கொடுத்தாள். கடைக்கு வருகிற ஒரு மாமியின் மகனுக்கு ஒரு ரயில் என்ஜின். எட்டோ ஒன்பதோ செய்திருப்போம். ஒன்றுபோல ஒன்று கிடையாது. லைனிங்குக்குத் துணி கேட்டால் எல்லா வீட்டிலிருந்தும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். கல்கத்தாவில் அந்த இரண்டு மூன்று வருஷம் சுற்றிவந்த ரவிக்கைத் துணிகளின் எண்ணிக்கை குறைந்ததென்றால் அதற்கு நாங்கள்தான் காரணம்.

கோமதி கம்ப்யூட்டர் பிரிவுக்கே பொறுப்பாளரானாள். பிறகு பயணம் எல்லாம் விமானம்தான், சக்கரப்பெட்டிதான். கரியாஹாட் நடைபாதை முழுக்க சீனத்துப் பைகள் தொங்க ஆரம்பித்தன. ஒரு மழைக்காலத்தில் பவானிபூர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்த கோஷால் பெட்டி ஊறி, அட்டை அட்டையாகப் பிரிந்துவிட்டது. நான்தான் கொஞ்சம் வருத்தப்பட்டேன். கோமதி துணியை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பழைய சாமான் வாங்கும் பிக்ரிவாலாவிடம் போட்டுவிட்டாள். அந்தத் துணிகள் அவள் ஆபீசில் கம்ப்யூட்டர் திரை துடைக்க நெடுநாள் உதவின. அந்த ஆபீசும் பின்னால் மூடப்பட்டது. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டினார்கள். மாஷிமா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டாள். தத்தா பாபு ரிட்டயர் ஆன அன்றைக்குக் கோமதியைக் கூப்பிட்டு, தன் பெட்டியின் நம்பர் பூட்டு ஹைதராபாத்தில் இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டது, யாரிடமும் சொல்லவில்லை என்று சொல்லிச் சிரித்தாராம்.

ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விட நன்றாக ஞாபகம் இருப்பது அவள் திரும்பி வந்த காலை. ஹௌராவில் நானும் மீனுவும் வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டோம். கோமதி இறங்கினாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். கழுத்தில் பயிற்சி நிலையத்து அட்டை இன்னும் தொங்கியது, கழற்ற மறந்துவிட்டாளோ மனசில்லையோ. மீனு அவள் காலைக் கட்டிக்கொண்டாள். கூலிக்காரர் ஒருவர் பெட்டிக்குக் கை நீட்டினார். நானும் நீட்டினேன்.

"இருக்கட்டும், நான் தூக்குதேன்" என்றாள்.

தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் மீனுவைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால். பெட்டி இப்போதெல்லாம் தானாக உருண்டு வருகிறது, விரல் பட்டால் போதும். நல்லதுதான், முதுகுக்கு நல்லது. ஆனால் பெட்டி தூக்குகிறவர்களுக்கென்று அந்தக் காலத்தில் ஒரு நடை இருந்தது. பெட்டிப் பக்கத்துத் தோள் இறங்கியிருக்கும். மறு கை பறக்கப் போகிற மாதிரி விலகி நிற்கும். நாலடிக்கு ஒரு தரம் முழங்காலில் பெட்டி இடிக்கும். நூறு அடிக்கு ஒரு தரம் நின்று, கை மாற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு போவார்கள். ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் பின்னாலிருந்தே தெரியும், யார் ஊருக்குப் போகிறார்கள், யார் வீட்டுக்கு வருகிறார்கள் என்று. நியூ டவுன் மாடியிலிருந்து பார்த்தாலும் விமான நிலையத்தில் நின்று பார்த்தாலும் அந்த நடையை நான் எங்கேயும் காணவில்லை. எல்லோரும் நேராக நடக்கிறார்கள்.

அன்றைக்கு ஹௌரா பிளாட்பாரம் முழுக்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கையை வீசிக்கொண்டு, யாருக்கும் வழி விடாமல் கோமதி நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள்.